26 வருடமாகக் கொட்டகையில் நிற்கும் ஜாகுவார் மார்க் 5: முதலில் எதைத் தொடுவது?

தேவகோட்டைப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பவன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் கார் ஒன்று ஊர் வீட்டில் பின்கட்டுக்கு அப்பால் வண்டிக் கொட்டகையில் நிற்கிறது. 1950 ஜாகுவார் மார்க் 5, மூன்றரை லிட்டர் சலூன் (கூரை மடங்காத மூடின கார்), கறுப்பு. 1957-ல் மெட்ராஸிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் இரண்டாம் கையாக வாங்கினாராம். கடைசியாக ஓடியது அத்தை கல்யாணத்துக்கு, 1999-ல். அப்புறம் தாத்தாவுக்கு முடியாமல் போனது, டிரைவர் அய்யாவும் போய்ச் சேர்ந்தார், கொட்டகையைப் பூட்டினோம், அவ்வளவுதான். போன மாதம் ஓடு மாற்றுவதற்காகத் திறந்தபோதுதான் நானே நின்று நிதானமாகப் பார்த்தேன்.

நிலைமை இதுதான். நாலு டயரும் தரையோடு தரை. இன்ஜின் ஜாம், ஹேண்டில் போட்டால் அசையவே இல்லை. பின் சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கிறது. சிவப்பு லெதர் சீட் தையல் ஓரமாக வெடித்திருக்கிறது. டாஷ்போர்டு வால்நட் மரம், அதன் மேல் ஒட்டிய மெல்லிய பலகை இடது பக்கம் அப்பளம் மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பெயின்ட் முன்பக்கம் பரவாயில்லை. கூரையில் டிரைவர் அய்யா தினம் துடைத்துத் துடைத்து பிரைமரே தெரிகிறது. டிக்கி மூடியின் உள்பக்கம் டூல்ஸ் வைக்கும் தட்டில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அளவெடுத்த குழி இருக்கிறது, அதில் மூன்று குழி மட்டும் காலி. இன்னொன்று: டாஷ்போர்டு நடுவில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை வைத்த சந்தனம், குங்குமம் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பி, வார்னிஷுக்குள்ளேயே இறங்கிவிட்டது. எட்டணா அளவு கறை.

உள்ளூர் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். "இந்த இன்ஜின் எதுக்குங்க, தூக்கிப் போட்டுட்டு மெட்டாடர் வேன் டீசல் இன்ஜின் ஒண்ணை வைச்சுடலாம், லிட்டருக்குப் பன்னெண்டு கொடுக்கும்" என்றார். சித்தப்பாவோ வெள்ளை பெயின்ட் அடித்து, சீட் மாற்றி, கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார். அப்பாவுக்கு 74 வயது. ஒரே ஒரு தடவை அதில் ஏறிப் பிள்ளையார்பட்டி போய்வர வேண்டும் என்பதைத் தவிர அவர் எதுவும் சொல்வதில்லை.

நான் முதலில் என்ன செய்வது? தண்ணீர் ஊற்றிக் கழுவவாவது செய்யலாமா?

பட்டறைக்காரன் (கோவை)

தம்பி, முதல் வேலை, அந்த மெக்கானிக்குக்கு ஒரு காபி கொடுத்து மரியாதையாக வழியனுப்பி வைப்பது. டீசல் இன்ஜின் வைத்துக் கெடுத்த நல்ல வண்டிகளை நான் எண்ணி மாளாது. உங்களுடையது 3485 சிசி, ஆறு சிலிண்டர், புஷ்ராடு (வால்வைத் தள்ளித் திறக்கும் நீளக் கம்பி) இன்ஜின், இதற்கு அடுத்து வந்த எக்ஸ்கே இன்ஜின் மாதிரி மேலே இரண்டு கேம் ஷாஃப்ட் சமாச்சாரமெல்லாம் கிடையாது. லேத்தும் ஒழுங்காக அளக்கத் தெரிந்த ஆளும் இருந்தால் இதைத் திரும்ப எழுப்பிவிடலாம்.

இனி கவனமாகக் கேளுங்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து கியரில் போட்டு ஜாமை விடுவிக்கிறேன் என்று எவனாவது வந்தால் கொட்டகையைப் பூட்டிவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரையும் தொடவேண்டாம். ஆறு பிளக்கையும் கழற்றுங்கள், எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று நம்பர் போட்டு வையுங்கள், அதன் நிறமே பாதிக் கதை சொல்லும். ஓட்டை வழியாகச் சின்ன கேமரா விட்டு உள்ளே துருவா, தண்ணீரா என்று பாருங்கள், இப்போது போனில் மாட்டுகிற கேமராவே மலிவாகக் கிடைக்கிறது. அப்புறம் அசிட்டோனும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கு ஊற்றும்) ஆயிலும் சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி மூடி விடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றுங்கள். பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, அசிட்டோன் பெட்ரோல் மாதிரியே பற்றிக்கொள்ளும்.

ஆயில் இறங்க இரண்டு வாரமோ நாலு வாரமோ ஆகலாம். அதற்குள் இன்ஜின் மேலே வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைக் கழற்றி ஒவ்வொரு வால்வும் மேலே கீழே வருகிறதா என்று தட்டிப் பாருங்கள். இதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். பிஸ்டன் விட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில் ஹேண்டிலைச் சுற்றுவார்கள், மேலே வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும், புஷ்ராடு வளைந்துபோகும். அப்புறம் அதற்கு சீமைக்கு ஆர்டர் போட்டு உட்கார வேண்டியதுதான்.

பிரேக் பற்றி. ஜாகுவாரில் ஹைட்ராலிக் பிரேக் வந்ததே இந்த மார்க் 5-லும் அதே 1948-ல் வந்த எக்ஸ்கே 120-லும்தான். அதற்கு முந்தின மாடலில் ராடு பிரேக். இத்தனை வருடத்தில் பிரேக் ஆயில் தண்ணீரை உறிஞ்சி வீல் சிலிண்டர் உள்ளேயெல்லாம் குழி விழுந்திருக்கும். சிலிண்டரைத் தூக்கிப் போடவேண்டாம், உள்ளே கடைந்து ஸ்டெயின்லெஸ் புஷ் (உள்குழாய்) இறக்கினால் வெளியே பழசு, உள்ளே புதுசு. ரப்பர் என்று எது இருந்தாலும் புதுசு போடுங்கள், அதில் பழம்பெருமை பார்க்காதீர்கள். பிரேக் ஓஸில் பார்க்கிற பக்தி ஆஸ்பத்திரியில்தான் முடியும்.

பெட்ரோல்: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால். இந்த வண்டியின் எஸ்.யூ. கார்பரேட்டரில் ஜெட்டைச் சுற்றி கார்க் சீல் இருக்கும், பெட்ரோல் பம்ப்பில் பழைய டயஃப்ரம், இரண்டும் எத்தனாலுக்குத் தாங்காது. எத்தனால் தாங்கும் ஓஸும் சீலும் கேட்டு வாங்குங்கள். ஓட்டி முடித்து இரண்டு மாதம் நிறுத்துவதானால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள்.

பேட்டரி: இது பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரவேண்டும். நம் ஊர் எலக்ட்ரீஷியன் கண்ணை மூடிக்கொண்டு நெகட்டிவை பாடியில் கொடுப்பான். பேட்டரி பெட்டிக்கு மேலே பெயின்ட்டில் பெரிசாக எழுதி ஒட்டிவிடுங்கள். ஆனால் பேட்டரியே இப்போது வைக்கவேண்டாம், துணி சுற்றிய பழைய ஒயர் உள்ளே ரப்பர் உதிர்ந்து வெறும் செம்பாக இருக்கும், எலி வேறு கடித்திருக்கும். கறுப்பு வண்டி கரியாகப் போய்விடும்.

சாந்தி (அருங்காட்சியகப் பாதுகாப்பு வேலை)

கழுவாதீர்கள். ஹோஸ் பைப்பைக் கொட்டகைப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

நான் மரமும் துணியும் தோலும் பார்க்கிறவள், இன்ஜின் எனக்குத் தெரியாது, அதை மேலே அண்ணன் சொல்லிவிட்டார். என் தரப்பிலிருந்து ஒரு விஷயம். எதைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு நாள் முழுக்கப் போட்டோ எடுங்கள். தூசியோடு, டயர் சப்பையோடு, எலிக்கூடோடு. சீட்டைத் தூக்கினால் அடியில், கதவு உறைக்குப் பின்னால், மூட்டுக் கீல்களில், எங்கெல்லாம் வெயில் படாத இடம் இருக்கிறதோ அங்கெல்லாம். அசல் கறுப்பு எப்படியிருந்தது, அசல் சிவப்பு எப்படியிருந்தது என்று அந்த இடங்கள்தான் பின்னால் சாட்சி சொல்லும்.

"அழுக்கு வண்டியை யார் மதிப்பார்கள்" என்று உங்கள் சித்தப்பா கேட்பார். 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஒரு ஏலம் நடந்தது. பிரான்ஸில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல பத்தாண்டு கிடந்த பாயோன் குடும்பத்தின் கார்கள். அதில் ஒரு 1961 ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் மேல் பழைய பத்திரிகைக் கட்டுகள் குவிந்திருந்தன. அதைத் துடைத்து மினுக்கவில்லை, தூசியோடே ஏலத்தில் விட்டார்கள், 1.6 கோடி யூரோவுக்கும் மேல் போனது. சரி, அது நடிகர் அலென் தெலோன் வைத்திருந்த கார், அந்தப் பெயருக்கும் ஒரு விலை உண்டு. இன்னொன்று, சுவிட்சர்லாந்துப் பக்கம் மஜோரே ஏரியில் எழுபது வருடத்துக்கும் மேல் மூழ்கிக் கிடந்த ஒரு புகாட்டி டைப் 22. 2009-ல் வெளியே எடுத்தார்கள், ஒரு பக்கம் முழுக்க அரித்துப் போயிருந்தது. வாங்கியவர் அதைச் சரிசெய்யவே இல்லை, அப்படியே காட்சிக்கு வைத்தார். அமெரிக்காவில் பெப்பிள் பீச் என்று ஒரு போட்டி, 1950 முதல் நடக்கிறது, கண்ணாடி மாதிரி மின்னுகிற கார்தான் ஜெயிக்கும் என்று பெயர் வாங்கிய இடம். அங்கேயே 2024-ல் முதல் பரிசு, மறுபெயின்ட் புதுப்பிப்பு எதுவும் இல்லாமல் பழைய பெயின்ட்டோடு வந்த 1934 புகாட்டி டைப் 59-க்கு. பெல்ஜிய ராஜா ஒருவரிடம் இருந்த வண்டி அது.

இதெல்லாம் கோடீஸ்வரக் கதை, உங்களுக்கு வேண்டியது நடைமுறை. முதலில் எலிக்கூடு. தூசியைக் காப்பாற்றுங்கள் என்றேன், எலி மூத்திரத்தை அல்ல. அது இரும்பையும் தின்னும், தோலையும் தின்னும். முகமூடியும் கையுறையும் இல்லாமல் கை வைக்காதீர்கள். கிருமிநாசினியை லேசாகத் தெளித்து ஈரமாக்கி எடுங்கள், காய்ந்தபடி பெருக்கினால் எல்லாம் மூக்குக்குள் போகும். மற்ற தூசியை மிருதுவான பிரஷ்ஷால் தள்ளி, வாக்குவம் கிளீனர் வாயில் பழைய நைலான் சாக்ஸ் கட்டி உறிஞ்சுங்கள். உதிர்ந்த ஆணி, கிளிப், தையல் துணுக்கு எல்லாம் சாக்ஸில் நிற்கும், ஒன்றையும் எறியாதீர்கள்.

லெதருக்குத் தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். இரண்டு நாளைக்குப் பளபளக்கும், அப்புறம் பூசணம் பிடிக்கும், தையல் நூல் இற்றுப்போகும். வெடித்த இடத்துக்கு உள்பக்கமாக மெல்லிய தோல் ஒட்டுப் போட்டுத் தாங்கலாம். பதனிட்ட தோலுக்கு நீங்கள் லண்டன் போகவேண்டாம், திண்டுக்கல்லிலேயே ஆவாரம்பட்டையில் பதனிட்ட பழைய பக்குவம் இருக்கிறது, நிறம் சேர்ப்பதுதான் சவால்.

டாஷ்போர்டைப் பொறுத்தவரை உங்கள் ஊரில் எனக்கு ஒரே ஒரு பயம்தான்: நல்ல ஆசாரிகள் அதிகம். "இது என்னங்க தகடு, தேக்கிலேயே கடைந்து போட்டுத் தருகிறேன்" என்பார்கள். கூடாது. தூக்கிக்கொண்ட பலகையை ஒடிக்காமல், கொஞ்சம் ஈரமும் வெதுவெதுப்பும் கொடுத்து இளக்கி, வஜ்ஜிரம் (ஆசாரிகளின் பழைய தோல் பசை) காய்ச்சி ஊசியால் உள்ளே விட்டு, மேலே மெழுகுத்தாள் வைத்துப் பலகையால் அழுத்தி இரண்டு நாள் விட்டால் உட்காரும். ஃபெவிகால் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: வஜ்ஜிரத்தை நாளைக்கு வேறொருவர் சூடு காட்டிக் கழற்றலாம், ஃபெவிகாலை அப்படி முடியாது.

தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்த்துவிடும். காடாத் துணி போதும். தரை மண் தரையாக இருந்தால் வண்டியை மரக்கட்டையில் ஏற்றி டயருக்கு ஓய்வு கொடுங்கள்.

சந்தனக் கறையை விட்டுவிடுங்கள். அதை எடுக்கப்போனால் வார்னிஷும் சேர்ந்து வரும்.

ரெண்டாம் கியர்

சாந்தி மேடம் சொல்வது புத்தகத்துக்குச் சரி. ஆனால் இது பிரான்ஸ் கொட்டகை இல்லை, நம் ஊர். ஒரு ஐப்பசி மழையில் துரு ஓடுகிற வேகம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. கதவுக்கு அடியில், ரன்னிங் போர்டில், கூரை ஜன்னல் இருந்தால் அதன் வடிகால் குழாய் முடிகிற இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால் அதைப் "பாதுகாத்து" என்ன செய்வது? வெட்டி, புதுத் தகடு பற்றவைத்துத்தான் ஆகவேண்டும். பாதுகாக்கிறேன் என்று சும்மா வைத்திருந்தே மக்கிப்போன வண்டிகளும் நிறைய உண்டு. தம்பியின் அப்பாவுக்கு 74. அவர் பிள்ளையார்பட்டி போகட்டும் முதலில்.

ஆனால் அவசரப்பட்டால் என்னாகும் என்பதற்கு நானே சாட்சி. என் மாமனாருடைய 1948 செவர்லே ஃபிளீட்மாஸ்டரை ஒரு பட்டறையில் விட்டேன், பெயர் வேண்டாம். ஆறு மாதத்தில் புதுசாகத் தருகிறேன் என்றார்கள். முதல் வாரமே முழு வண்டியையும் அக்கக்காகப் பிரித்து, பானட்டுக்கு மணல் அடித்தார்கள். கனமான சேஸுக்கு அடிக்கலாம், அகலமான தகட்டுக்கு அடித்தால் மணல் மோதுகிற வேகத்தில் அலை அலையாக நெளியும். நெளிந்தது. அதை மறைக்க விரல் கனத்துக்குப் பட்டி பார்த்தார்கள். தகடு இணைப்புகளில் கம்பெனியிலேயே ஈயம் உருக்கி ஊற்றியிருந்ததைப் "பழைய ரிப்பேர்" என்று நினைத்துச் சுரண்டி எறிந்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வண்டி மூன்று சாக்கு மூட்டையாகத் திரும்பி வந்தது. எந்த நட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. பம்பரை மட்டும் அழகாக குரோம் போட்டிருந்தார்கள், முன் கிரில் பொம்மையைப் பாலிஷ் போட்டே எழுத்தை அழித்திருந்தார்கள்.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரு பகுதி. கழற்றுகிற ஒவ்வொன்றுக்கும் ஜிப் கவர், உள்ளே ஒரு சீட்டு, கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ. வண்டி எப்போதும் தள்ளினால் நகர்கிற நிலையில் இருக்கவேண்டும். முழுசாகப் பிரித்த வண்டி முக்கால்வாசி நேரம் முழுசாகச் சேர்வதில்லை.

சாந்தி

ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைக்கக்கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? வையுங்கள். அந்த இடத்துக்கு மட்டும் வையுங்கள், அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடியுங்கள், எங்கே எதைச் செய்தோம் என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு கைப்பிடி ஓட்டைக்காக முழு வண்டியையும் உரிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். உங்கள் செவர்லே கதையே என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

ரெண்டாம் கியர்

சரி, அதில் சண்டை இல்லை. ஆனால் கூரையில் பிரைமர் தெரிகிறது என்கிறாரே, அதை அப்படியே விடுவதா?

சாந்தி

நிழலில் நிற்கிற வண்டி. மெழுகு பூசினால் போதும். அது தேய்ந்தது வெயிலில் அல்ல, ஒரு மனிதர் நாற்பது வருடம் துடைத்ததில். பெயின்ட் அடிக்க எப்போது வேண்டுமானாலும் முடியும், அடித்ததை எடுக்கத்தான் முடியாது.

ஆர்டிஓ வாசல்

காகித விஷயத்தை யாரும் பேசவில்லையே. பழைய ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா? பீரோ, டிரங்குப் பெட்டி, கணக்குப்பிள்ளை வைத்த கட்டு எல்லாம் தேடுங்கள். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. தாத்தா பெயரில் இருப்பதால் வாரிசு வழியில் அப்பா பெயருக்கு மாற்றவேண்டியிருக்கும்.

2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது: முதல் பதிவு தேதியிலிருந்து 50 வருடம் தாண்டிய இருசக்கர, நாலுசக்கர வண்டிகள் வின்டேஜ் என்று பதிவாகலாம். சொந்த ஆர்வத்துக்கு வைத்திருக்கும் வண்டியாக இருக்கவேண்டும், சேஸ், பாடி, இன்ஜின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. அந்த மெட்டாடர் டீசலை வைத்திருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கும். புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பதிவு பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிபவைக்குத்தான் வி.ஏ. என்ற எழுத்து. அந்த நம்பர் பிளேட்டைக் கழற்றி எங்கேயும் போட்டுவிடாதீர்கள்.

சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: வின்டேஜ் பதிவில் வணிகப் பயன்பாடு கிடையாது, கல்யாண வாடகை நடக்காது. தினசரி ஓட்டவும் கூடாது. கண்காட்சி, ஆராய்ச்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்குத்தான் சாலையில் இறங்கலாம். பிள்ளையார்பட்டி எந்தக் கணக்கில் வரும் என்று என்னைக் கேட்காதீர்கள், வழியில் ஒரு பங்க் இருந்தால் சரி.

இன்னொன்று, பானட்டைத் திறந்தால் உள் சுவரில் சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர் பொறித்த தகடு இருக்கும். இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் நம்பரும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் கம்பெனியின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் வண்டி எந்தத் தேதியில் முடிந்தது, என்ன நிறம், யாருக்கு அனுப்பினார்கள் என்று சான்றிதழ் தருவார்கள். அது வருவதற்கு முன் பெயின்ட் பேச்சே எடுக்கவேண்டாம். கறுப்பே அசல் நிறம்தானா என்று யாருக்குத் தெரியும்?

தேவகோட்டைப் பேரன்

எல்லோருக்கும் நன்றி. ஏழு வாரம் ஆகிவிட்டது, பதில் எழுதாததற்கு மன்னிக்கவும்.

ஆர்.சி. கிடைத்தது. ஆச்சியின் சேலைப் பெட்டியில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில். இன்ஜின் நம்பரும் தகடும் ஒன்றுதான். சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன்.

ஐந்து பிளக்கின் முனையில் கறுப்பு, நாலாவதில் மட்டும் துரு. பட்டறைக்கார அண்ணன் சொன்ன கலவை மற்ற ஐந்திலும் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது, நாலாவதில் அப்படியே நின்றது. வால்வு இரண்டு ஒட்டிக்கொண்டிருந்ததை மரச்சுத்தியால் தட்டித்தான் விடுவித்தோம், நல்லவேளை முதலில் அதைப் பார்த்தேன். 23-ஆம் நாள் காலையில் ஹேண்டிலை லேசாக முன்னும் பின்னும் ஆட்டியபோது ஒரு 'டக்' கேட்டது. என்னமோ உடைந்துவிட்டது என்று கையை எடுத்துவிட்டேன். உடையவில்லை. கால் சுற்று போயிருந்தது. இப்போது முழுசாகச் சுற்றுகிறது, நாலாவது சிலிண்டருக்கு மட்டும் ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்துச் சமப்படுத்துவது) தேவைப்படும் என்று தோன்றுகிறது. பிரேக் சிலிண்டர்களை அடுத்த வாரம் கோவைக்குக் கொண்டுவருகிறேன் அண்ணே, ஆளுக்கு ஒரு ஜிப் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

கூரை ஜன்னல் இருக்கிறது, ரெண்டாம் கியர் சொன்ன இடத்திலேயே ஓட்டையும் இருக்கிறது, இடது பக்கம் உள்ளங்கை அளவு. வடிகால் குழாயில் குளவி மண் வைத்து அடைத்திருந்தது.

காணாமல்போன மூன்று டூல்களில் ஒன்று கிடைத்துவிட்டது. கிணற்று மோட்டார் அறையில் இருந்தது. எத்தனை வருடமாக அதில்தான் மோட்டார் நட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறோமோ தெரியாது.

சித்தப்பா கோபமாக இருக்கிறார், பேசுவதில்லை. அப்பா தினம் மாலையில் கொட்டகைக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

சாந்தி அக்காவுக்கு ஒரு கேள்வி. ஆயுத பூஜை வருகிறது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நிற்கப்போகிறார், அந்தப் பழைய பொட்டு மேலேயே வைப்பேன் என்கிறார். விடலாமா?

சாந்தி

இந்த வருடம் முன் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள். கேட்கமாட்டார் என்றால், சின்னதாக.